பெயர் போடாத வரைவுகள்: ஃபிஜியின் சத்யா நந்தன்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: "ஃபிஜி நாட்டுத் தூதர் சத்யா நந்தன் 2020-இல் காலமானபோது 'கடல் சட்டத்தின் சிற்பி' என்று எழுதினார்கள். பத்து லட்சம் பேர்கூட இல்லாத நாட்டுக்காரர் அமெரிக்காவும் சோவியத்தும் உட்கார்ந்திருந்த மேஜையில் அப்படி என்ன செய்திருக்க முடியும்? இரங்கல் செய்தியில் எழுதும் மரியாதைப் பேச்சுதானா? பெயரைப் பார்த்தால் தமிழர் போலவும் இருக்கிறதே?" இதில் உண்மையான கேள்வி ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கப்பற்படையும் பணமும் இல்லாத ஒருவர் எதை வைத்துப் பெரிய நாடுகளைக் கையெழுத்துப் போடவைத்தார் என்பது.

நான் சென்னையில் கப்பல், சரக்கு வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர். பல வருடம் மாணவர்களுக்குக் கடல் சட்டம் எடுத்திருக்கிறேன். நந்தனை நேரில் பார்த்ததில்லை. அவர் தலைமையில் வந்த வரைவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தச் சொல் எந்த வருடம் மாறியது என்று பார்த்திருக்கிறேன். என் தகுதி அவ்வளவுதான்.

சின்னக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். அவர் ஃபிஜி இந்தியர். 1879 முதல் 1916 வரை கரும்புத் தோட்ட வேலைக்கென்று 'கிர்மிட்' ஒப்பந்தத்தில் சுமார் 60,000 பேரைக் கப்பலேற்றினார்களே, அதனால் உருவான சமூகம். 1903 முதல் சென்னை வழியாகத் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் போனது உண்மை. ஆனால் நந்தன் என்ற பெயர் இந்தி பேசும் குடும்பங்களிலும் சகஜம். பெயரை மட்டும் வைத்து நம் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டாம். அவர் பேசியது ஃபிஜிக்காக.

1936-இல் சுவாவில் பிறந்தவர். நியூசிலாந்திலும் லண்டனிலும் படித்து வழக்கறிஞரானார். 1970 அக்டோபர் 10 அன்று ஃபிஜி விடுதலை பெற்றது, மூன்றே நாளில் ஐ.நா. உறுப்பினரானது. நியூயார்க்கில் புதிதாகத் திறந்த அந்தச் சின்ன அலுவலகத்துக்குப் போன முதல் ஆட்களில் நந்தனும் ஒருவர், அப்போது வயது 34. காலம் அவருக்குச் சாதகமாக அமைந்தது. 1967-இல் மால்டா தூதர் அர்விட் பார்டோ, ஆழ்கடல் அடித்தளம் மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்று ஐ.நா.வில் பேசியதிலிருந்து கடல் சட்டத்தை முழுக்கத் திருப்பி எழுதும் வேலை தொடங்கியிருந்தது. தந்தை, சிற்பி என்றெல்லாம் பட்டம் கொடுப்பதென்றால் முதல் உரிமை பார்டோவுக்குத்தான். நந்தன் செய்தது வேறு வகை வேலை, அதற்கு வருகிறேன்.

ஃபிஜிக்கு இது ஏன் உயிர்ப் பிரச்சினை என்பதற்கு இரண்டு எண்கள் போதும். 300-க்கும் மேற்பட்ட தீவுகளின் மொத்த நிலம் சுமார் 18,000 சதுர கிலோமீட்டர். கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீனும் கடலடி வளமும் கரை நாட்டுக்கே என்ற 'பொருளாதார மண்டலம்' கிடைத்தால் கடல் சுமார் 13 லட்சம் சதுர கிலோமீட்டர். அதோடு, தீவுகளின் வெளி ஓரத்தைக் கோட்டால் இணைத்து உள்ளே இருக்கும் நீரும் தன்னுடையது என்று சொல்லும் 'தீவுக்கூட்ட நாடு' என்ற அந்தஸ்தும் ஃபிஜிக்கு வேண்டியிருந்தது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மொரிஷியஸ் ஆகியவற்றோடு சேர்ந்து அதற்காக வாதாடியது.

மூன்றாவது கடல் சட்ட மாநாடு 1973 டிசம்பரில் கூடி 1982 வரை நடந்தது. முதலில் தலைமை வகித்தவர் இலங்கையின் ஷெர்லி அமரசிங்க. 1980-இல் அவர் இறந்த பிறகு சிங்கப்பூரின் டாமி கோ வந்தார். மாநாடு மூன்று குழுவாகப் பிரிந்தது. கடல் எல்லை, ஜலசந்தி, பொருளாதார மண்டலம், கண்டத் திட்டு எல்லாம் இரண்டாம் குழுவின் கையில். அந்தக் குழுவின் அறிக்கையாளர் நந்தன். பெயரளவில் இது குமாஸ்தா வேலை மாதிரி இருக்கும். ஆனால் 150 நாடுகள் ஆளுக்கொரு தாள் நீட்டும் இடத்தில், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தாளாக்குகிறவன் கையில்தான் பேனா இருக்கும். இன்னொன்று, பெரிய நாடுகளின் குழுவில் மீனுக்கு ஒருவர், கடற்படைக்கு ஒருவர், எண்ணெய்க்கு ஒருவர் என்று வந்தார்கள். சில வருடத்தில் மாற்றலாகிப் போனார்கள். சின்ன நாட்டுக்காரர் எல்லாவற்றையும் ஒரே ஆளாகப் பார்த்தாக வேண்டும். ஒன்பது வருடம் அப்படிப் பார்த்தவருக்கு எந்தப் பிரிவில் கை வைத்தால் எந்தப் பிரிவு ஆடும் என்று தெரிந்துவிடும். இது ஆவணத்தில் இருப்பதில்லை, என் கணிப்பு. ஆனாலும் நாடு சின்னதாக இருந்ததே அவருக்குப் பலம் என்று நான் நம்புவதற்கு இதுதான் காரணம்.

ஜலசந்தி விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அவருடைய கைவேலை தெளிவாகத் தெரிவது இங்கேதான். அதுவரை கடற்கரை நாட்டுக்குச் சொந்தமான 'எல்லைக் கடல்' மூன்று கடல் மைல் என்று பெரிய நாடுகள் பிடிவாதம் பிடித்தன. அதைப் பன்னிரண்டாக்கினால், இரண்டு பக்கமும் பன்னிரண்டு சேர்ந்து, 24 மைலுக்குக் குறுகலான ஜலசந்திகள் நடுவில் பொதுக்கடலே இல்லாமல் மூடிக்கொள்ளும். ஜிப்ரால்டர், ஹார்முஸ், டோவர் உட்பட 100-க்கும் மேல். எல்லைக் கடலில் அந்நியக் கப்பலுக்கு 'தீங்கிலாக் கடப்பு' உரிமை மட்டும்தான் உண்டு. நீர்மூழ்கி மேலே வந்து கொடி காட்டிக்கொண்டு போக வேண்டும், விமானம் பறக்க முடியாது, கரை நாடு நினைத்தால் தற்காலிகமாக நிறுத்தவும் செய்யலாம். அமெரிக்காவும் சோவியத்தும் மற்ற எல்லாவற்றிலும் சண்டை போட்டுக்கொண்டாலும் இதை ஏற்கமாட்டோம் என்பதில் ஒன்று. ஸ்பெயின் போன்ற கரை நாடுகளோ, எங்கள் வாசலில் அணு ஆயுத நீர்மூழ்கி ஒளிந்துகொண்டு போவதா என்றன.

1975 வாக்கில் பிரிட்டனும் ஃபிஜியும் கூட்டாகத் தலைமை வகித்து ஒரு தனிக் குழுவைக் கூட்டின. இரு பக்கமும் தீவிரமாக நின்றவர்களை வெளியே வைத்துவிட்டு நடுவில் நின்றவர்களை மட்டும் அழைத்தார்கள். அங்கே உருவான வாசகம்தான், பெரிய மாற்றம் இல்லாமல், இன்றைக்கு அந்த மாநாட்டில் பிறந்த 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் ஜலசந்திப் பகுதியாக இருக்கிறது. வகுப்பில் நான் அதைத் 'தடையில்லாக் கடப்பு' என்று சொல்வேன். எல்லைக் கடல் கரை நாட்டுக்கே சொந்தம், ஆனால் கடந்து போவதை நிறுத்த முடியாது. கப்பலும் விமானமும் அவற்றின் 'வழக்கமான முறையில்' போகலாம். இந்த 'வழக்கமான முறை'யைக் கவனியுங்கள். நீர்மூழ்கி என்ற சொல் அந்த ஷரத்தில் இல்லை. நீர்மூழ்கிக்கு வழக்கமான முறை மூழ்கிப் போவதுதானே என்று வல்லரசுகள் படித்துக்கொண்டன. கரை நாடுகள் தங்கள் பாராளுமன்றத்தில், நீர்மூழ்கிக்கு நாங்கள் எழுத்தில் அனுமதி கொடுக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. இந்தச் சொல் குறிப்பாக யாருடையது என்று அறுதியிட்டுச் சொல்ல வழியில்லை. தனிக் குழுக் கூட்டங்களுக்கு அதிகாரபூர்வமான நடவடிக்கைக் குறிப்பு கிடையாது, வேண்டுமென்றேதான் வைக்காமல் விட்டார்கள். குழுவை நடத்தியவர்களில் ஒருவர் நந்தன் என்பது மட்டும் உறுதி.

1978-இல் நிலம் சூழ்ந்த நாடுகளுக்கும் கடல் வாய்ப்புக் குறைந்த நாடுகளுக்கும் அண்டை நாட்டுப் பொருளாதார மண்டல மீனில் என்ன பங்கு என்ற பேச்சுவார்த்தைக் குழுவுக்கு அவரே தலைவர். அந்த ஷரத்துகள் நடைமுறையில் பெரிதாகப் பயன்படவில்லை, ஆனால் ஐம்பது சொச்சம் நாடுகள் மாநாட்டைக் கவிழ்க்காமல் இருக்க அவை தேவைப்பட்டன. 1982 ஏப்ரல் 30 அன்று வாக்கெடுப்பு. ஆதரவு 130, எதிர்ப்பு 4, நடுநிலை 17. எதிர்த்தவர்களில் அமெரிக்கா இருந்தது. டிசம்பர் 10 அன்று ஜமைக்காவின் மான்டெகோ பேயில் கையெழுத்து விழா. அன்றைக்கே, கட்டுப்படுகிறோம் என்ற உறுதிச் சான்றும் கொடுத்த முதல் நாடு ஃபிஜி.

அப்புறம் வந்ததுதான் பலர் மறந்துவிடும் கட்டம். 1983-இல் ஐ.நா.வின் துணைப் பொதுச்செயலாளர் பதவியில், கடல் சட்டத்துக்கான சிறப்புப் பிரதிநிதியாக நந்தன் உட்கார்ந்தார். 1992 வரை இருந்தார். கையில் இருந்தது கிட்டத்தட்ட ஊனமான உடன்படிக்கை. நடைமுறைக்கு வர 60 நாடுகள் உறுதி செய்ய வேண்டும். அந்த எண்ணிக்கை 1993 நவம்பரில்தான் நிறைந்தது. அதிலும் பணக்காரத் தொழில் நாடு என்று பார்த்தால் ஏறக்குறைய ஐஸ்லாந்து ஒன்றுதான். காரணம் 11-ஆம் பகுதி, அதாவது ஆழ்கடல் சுரங்கம். சுரங்கம் தோண்டும் நிறுவனம் தன் தொழில்நுட்பத்தைக் கட்டாயமாகப் பகிர வேண்டும், உற்பத்திக்கு உச்சவரம்பு உண்டு, பெரும்பான்மை ஓட்டில் முடிவு என்றெல்லாம் அதில் இருந்தது. ரேகன் அரசு முடியாது என்றது, மற்ற மேற்கு நாடுகள் பின்னால் போயின.

1990-இல் ஐ.நா. பொதுச்செயலாளர் பெரெஸ் டி குயேயார் பெயரில் தொடங்கிய தனிப்பேச்சுகளுக்கு வேலைத் தயாரிப்பு நந்தனுடைய அலுவலகம். உடன்படிக்கையைத் திருத்துகிறோம் என்று சொன்னால் வளரும் நாடுகள் எழுந்து போய்விடும். திருத்தாவிட்டால் மேற்கு வராது. கடைசியில் வந்த தீர்வு வக்கீல் மூளைக்கே உரிய ஒன்று. 11-ஆம் பகுதியை 'நடைமுறைப்படுத்தும்' ஒப்பந்தம் என்று தலைப்பு வைத்துவிட்டு, உள்ளே கட்டாயத் தொழில்நுட்பப் பகிர்வு பொருந்தாது, உற்பத்தி வரம்பு பொருந்தாது என்று வரிசையாக எழுதினார்கள். 1993-இல் இதற்கு அடித்தளமாகச் சுற்றுக்கு வந்த தாளில் எழுதியவர் பெயர் இல்லை. அட்டையில் ஒரு படகுப் படம், அவ்வளவுதான். அதனால் அதற்குப் 'படகுத் தாள்' என்றே பெயர் வந்தது. நந்தனுக்கு அதில் கை உண்டு என்று துறையில் சொல்வார்கள். பெயரில்லாத தாளுக்குச் சாட்சி கூற நான் தயாரில்லை, பல நாட்டுப் பிரதிநிதிகள் சேர்ந்து செய்தது என்று சொல்வதே பத்திரம். 1994 ஜூலை 28 அன்று பொதுச்சபையில் 121 ஆதரவு, எதிர்ப்பு பூஜ்யம், நடுநிலை 7. அதற்குப் பிறகு ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், பிரிட்டன் எல்லாம் வரிசையாக உள்ளே வந்தன. அமெரிக்கா மட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி, செனட் இன்றுவரை ஒப்புதல் தரவில்லை.

பார்டோ சொன்ன பொதுச் சொத்தை இப்படிக் கரைத்துவிட்டார்களே என்ற விமர்சனம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதில் நியாயம் உண்டு. தொழில் நாடுகளுக்கு, ஆழ்கடல் சுரங்கத்தை நிர்வகிக்கும் ஆணையத்தின் மன்றத்தில் முடிவுகளைத் தடுக்கும் பலம் கிடைத்தது இந்த ஒப்பந்தத்தால்தான். ஆனால் மறுபக்கத்தை நினைத்துப் பாருங்கள். அது இல்லாமல் போயிருந்தால் பணக்கார நாடுகள் தங்களுக்குள் தனி ஏற்பாடு செய்துகொண்டு தோண்டியிருக்கும், உடன்படிக்கை ஏழை நாடுகளின் சங்கமாக நின்றிருக்கும். நான் இரண்டாவது கட்சி.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் எது என்றால் 1995-இன் மீன்வள ஒப்பந்தம். இங்கே சந்தேகத்துக்கு இடமே இல்லை, தலைவர் அவர், வரைவு தலைவருடைய வரைவு. ஐ.நா. பதவியை விட்டபின் ஃபிஜியின் பிரதிநிதியாகவே வந்து 1993-இல் தலைமை ஏற்றார். பிரச்சினை இதுதான்: மீனுக்கு 200 மைல் கோடு தெரியாது. கோட்டுக்கு உள்ளே கனடா தன் மீனவரைத் தடுத்து, 1992-இல் காட் மீன்பிடியையே மூடியது. கோட்டுக்கு வெளியே ஐரோப்பியக் கப்பல்கள் அதே மீனை அள்ளின. பசிபிக்கில் சூரை மீனுக்கும் இதே கதை. 1995 மார்ச்சில், பேச்சு நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே, கனடா பொதுக்கடலில் 'எஸ்தாய்' என்ற ஸ்பெயின் டிராலரைத் துப்பாக்கிச் சூட்டோடு மடக்கிப் பிடித்தது.

அந்த மேஜையில் அவர் செய்த முதல் காரியம் ஒரு கேள்வியைத் தள்ளிப்போட்டது. இது கட்டுப்படுத்தும் ஒப்பந்தமா, வெறும் பரிந்துரையா என்பதில்தான் எல்லோரும் மோதத் தயாராக இருந்தார்கள். தூரக்கடல் மீன்பிடி நாடுகளுக்குப் பரிந்துரை போதும், கரை நாடுகளுக்குக் கட்டாயம் வேண்டும். நந்தன் அதைத் தொடவில்லை. முதலில் பிரச்சினைகளின் பட்டியல், அப்புறம் எந்த வடிவம் என்று சொல்லாத ஒரு பேச்சு வரைவு. ஒரு வருடம் உள்ளடக்கத்தில் எல்லோரும் உழைத்துப் பாதி ஒத்துப்போன பிறகு, 1994 ஆகஸ்டில் அதே சரக்கை ஒப்பந்த வடிவத்தில் நீட்டினார். அதற்குள் எல்லோருக்கும் அந்தத் தாளில் சொந்தம் வந்துவிட்டது. 1994-இன் இரண்டு வரைவுகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் விஷயம் அதே, வினைச்சொல்தான் மாறியிருக்கும். 'செய்ய வேண்டுமென எதிர்பார்க்கப்படுகிறது' என்பது 'செய்யும்' என்றாகும் தருணம் இருக்கிறதே, வரைவு எழுதிப் பழகியவர்களுக்கு அது புரியும்.

1995 ஆகஸ்ட் 4 அன்று வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறியது. 2001 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் எட்டாவது ஷரத்து நானூறு வருடப் பழக்கத்தை உடைத்தது: ஒரு வட்டாரத்தில் மீன்பிடி நிர்வாக அமைப்பு இருந்தால், அதில் உறுப்பினராகிறவர்கள் அல்லது அதன் விதிகளை ஏற்பவர்கள் மட்டுமே அங்கே பிடிக்கலாம். பொதுக்கடலில் யார் வேண்டுமானாலும் வலை வீசலாம் என்ற சுதந்திரம் அத்தோடு நிபந்தனைக்கு உட்பட்டது. 21-ஆவது ஷரத்து இன்னும் ஒரு படி மேலே போய், ஒப்பந்தத்தில் சேர்ந்த நாட்டுக் கப்பலில் வேறொரு நாட்டு அதிகாரி பொதுக்கடலிலேயே ஏறிச் சோதனை செய்யலாம் என்றது. மீன் குறைந்துவிட்டதா என்று சந்தேகமாக இருந்தால், நிரூபணம் வரும்வரை காத்திராமல் பிடிப்பைக் குறை என்ற முன்னெச்சரிக்கை விதியும் அதில்தான். இவையெல்லாம் கடலில் எந்த அளவுக்கு மதிக்கப்படுகின்றன என்று கேட்டால் இடத்துக்கு இடம் மாறும், மொத்தமாகப் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

எல்லா இடத்திலும் அவருக்கு ஒருமித்த முடிவு கிடைத்தது என்றும் நினைக்க வேண்டாம். மேற்கு, மத்திய பசிபிக் சூரை மீனுக்கான உடன்படிக்கைப் பேச்சுக்கும் அவரே தலைவர். உலகச் சூரையில் பாதிக்கு மேல் அந்தக் கடலில்தான் பிடிபடுகிறது, அவருடைய சொந்தக் கடலும்கூட. 2000 செப்டம்பரில் ஹொனலூலுவில் அது ஓட்டுக்குப் போனது. 19 ஆதரவு, ஜப்பானும் தென் கொரியாவும் எதிர்ப்பு, 3 நடுநிலை. மிகப் பெரிய மீன்பிடி நாடுகள் இரண்டு எதிர்த்து நிற்க ஒரு மீன் ஒப்பந்தம்! தீவு நாடுகள் காத்திருக்க விரும்பவில்லை, அவரும் காத்திருக்கவில்லை. பின்னால் இரண்டு நாடுகளும் சேர்ந்துகொண்டன. 'மீன்பிடி அமைப்பு' என்ற வகையைப் பயன்படுத்தி, நாடு என்று பெயர் சொல்லாமலே தைவானையும் உள்ளே கொண்டுவந்ததும் இந்த உடன்படிக்கைதான். 2004-இல் நடைமுறைக்கு வந்த அதன் ஆணையம் மைக்ரோனேசியாவின் போன்பேயில் இருக்கிறது.

இதற்கிடையே 1996 முதல் 2008 வரை ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பன்னாட்டுக் கடற்படுகை ஆணையத்தின் முதல் பொதுச்செயலாளர். ஆழ்கடல் தரையில் கிடக்கும் மாங்கனீசு உருண்டைகளைத் தேடுவதற்கான விதிகள் 2000-இல் வந்தன. இந்தியா மத்திய இந்தியப் பெருங்கடலில் தேடும் ஒப்பந்தத்தை 2002-இல் போட்டது அவர் காலத்தில்தான். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 6,000 மீட்டர் ஆழத்துக்கு இயந்திரம் இறக்கிப் பார்ப்பதெல்லாம் அந்த ஒப்பந்தத்தின் தொடர்ச்சி. இன்று பசிபிக் தீவுகளிலேயே கடலடிச் சுரங்கம் வேண்டாம் என்று ஒரு பக்கமும், எங்களுக்கு வேறு வருமானம் ஏது என்று இன்னொரு பக்கமும் கடுமையாகப் பிரிந்து நிற்கிறார்கள். நந்தன் கட்டிய அலுவலகம் சுரங்கம் வரும் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது என்பதை மறைக்க முடியாது. அவர் இன்றிருந்தால் எந்தப் பக்கம் நிற்பார் என்று ஊகிப்பவர்களை நம்பாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காவிட்டாலும் இங்கே யாராவது கேட்பார்கள்: பாக் நீரிணை மீனவருக்கு அவருடைய ஒப்பந்தம் உதவுமா? உதவாது. அங்கே பொதுக்கடலே இல்லை, 1974, 1976 ஒப்பந்தங்கள் கோடு போட்டுவிட்டன. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூரிலிருந்து சூரைக்கும் சுறாவுக்கும் வாரக்கணக்கில் தூண்டில் போடப் போகும் விசைப்படகுகளுக்கு அது பொருந்தும். 1995 ஒப்பந்தத்தில் இலங்கை 1996-இலும் இந்தியா 2003-இலும் சேர்ந்துவிட்டன. மஞ்சள் துடுப்புச் சூரைக்கு இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் வரம்பு போடும்போது பின்னால் நிற்பது அந்த எட்டாவது ஷரத்துதான். அங்கே ஒரு படகு உரிமையாளர் என்னிடம் ஒருமுறை, "நடுக்கடல்ல எவன் சார் சட்டம் போட்டான்?" என்று கேட்டார். ஃபிஜிக்காரர் ஒருவர் என்று சொன்னேன், அவர் நம்பவில்லை.